மறைக்கப்பட்ட வெற்றி: பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்டின் வாழ்க்கை

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றினை எழுதித் தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் எம்மைப் பணித்தனர். தலைவர் ஒருவரின் வரலாற்றையோ, புலவர் ஒருவரின் வரலாற்றையோ யாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். யாம் தேர்ந்துகொண்டதோ ஒரு கார்ப் பந்தய வீரரின் வரலாறு. அவர் கடல் கடந்த அமெரிக்க நாட்டினர், கறுப்பினத்தவர், கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ஆயினும் அவரது வாழ்க்கை நம் இளைஞர்களுக்குக் கூறும் செய்தி பெரிதென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அயலானதன்று. அந்நாட்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதைப் போற்றி, மகாத்மா ஜோதிராவ் பூலே 1873 ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கறுப்பின மக்கள் தம் குறைகளை ஐக்கிய நாடுகள் அவையில் முறையிட முனைந்ததை அறிந்து, 1946 ஆம் ஆண்டில் அவ்வின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி அம்முறையீட்டின் படியினைக் கேட்டவரும் அவரே. ஆகவே அம்மக்களுள் ஒருவரின் வரலாறு இம்மலரில் இடம்பெறுவது பொருத்தமே.

பிறப்பும் இளமையும்

வெண்டல் ஸ்காட் 1921 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் விர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரில் பிறந்தார். பஞ்சாலைகளும் புகையிலை பதனிடும் ஆலைகளும் நிறைந்த ஊர் அது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் அரசு, 1865 இல் தோல்வியுற்று ஓடியபோது இறுதியாகத் தங்கிய நகரமும் அதுவே. ஸ்காட் பிறந்த காலத்தில் அடிமை முறை மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் பள்ளி வேறு, உணவு விடுதி வேறு, பேருந்தில் இருக்கை வேறு என்னும் பிரிவினை சட்டத்தின் துணையோடு நிலைத்திருந்தது. இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தந்தையார் வசதி படைத்த வெள்ளையர் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியும் பழுது பார்த்தும் வந்தவர். தந்தையின் கைத்தொழில் மகனுக்கும் வந்தது. ஸ்காட் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தினார். ஆலையில் மேலாளின் கண்காணிப்பில் காலமெல்லாம் உழைப்பதில்லை, தமக்குத் தாமே தலைவராய் வாழ்வது என்னும் உறுதி மட்டும் அவர் நெஞ்சில் இருந்தது. வாடகைக் கார் ஓட்டினார். 1943 இல் மேரி என்னும் நங்கையை மணந்தார். இரண்டாம் உலகப் போரில், வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் படைகளாய்ப் பிரிக்கப்பட்டிருந்த அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் கார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தலானார்.

ஒன்றை மறைத்தல் தகாது. பட்டறை வருவாய் போதாமையால் அவர் இரவு நேரங்களில் கள்ளச்சாராயம் கடத்தும் காரையும் ஓட்டினார். காவலர் துரத்தினாலும் எட்டாத வேகத்தில் செல்லுமாறு எஞ்சினைத் திருத்தி அமைப்பதில் வல்லவரானார். 1949 இல் ஒருமுறை பிடிபட்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். ஆசிரியராகிய யாம் இதனைப் புகழ்ந்துரைக்க இயலாது. அக்காலத்தில் அப்பகுதியின் வெள்ளையர் பந்தய வீரர்கள் பலரும் இவ்வழியில் வந்தவர்களே என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

பந்தயக் களத்தில் முதலடி

ஸ்டாக் கார்ப் பந்தயம் என்பது, அந்நாளில், கடைகளில் விற்கப்பட்ட சாதாரண வகைக் கார்களைத் திருத்தி, நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டிய பந்தயம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது ஒரு திருவிழாவைப் போன்றது. 1948 இல் நிறுவப்பட்ட நாஸ்கார் என்னும் அமைப்பே இப்பந்தயங்களுள் பெரியவற்றை நடத்தி வந்தது.

1952 ஆம் ஆண்டு மே மாதம். டான்வில் பொருட்காட்சித் திடலில் பந்தயம் நடத்தியோர், கறுப்பினத்தார் ஒருவரை ஓட்டச் செய்தால் அவ்வினத்தாரும் நுழைவுச் சீட்டு வாங்கி வருவர் என்று கணக்கிட்டனர். ஊரில் வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று காவல் துறையினரையே வினவினர். துரத்திக் களைத்த காவலர்களுக்கு விடை கூறுவது எளிதாயிற்று. இவ்வாறு, பார்வையாளரை ஈர்க்கும் வேடிக்கைப் பொருளாகத்தான் ஸ்காட் முதலில் களத்துக்கு அழைக்கப்பட்டார். முதல் நாள் அவரது வண்டி பழுதாகி நின்றது. ஆனால் அவர் மனத்தில் மூண்ட ஆர்வம் நிற்கவில்லை.

அடுத்து, வடக்குக் கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன் சேலம் நகரில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குத் தம் காருடன் சென்றார். கறுப்பருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினர். கண்ணீருடன் வீடு திரும்பினார். சில நாட்கள் கழித்து ஹை பாயின்ட் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கிருந்தோர் சொன்னது இன்னும் கொடிது: கார் ஓடலாம், ஆனால் வெள்ளையர் ஒருவர்தாம் அதனை ஓட்ட வேண்டும். அவர் உழைப்பில் உருவான வண்டிக்குத் தீட்டில்லை. அவருக்கு மட்டுமே தீட்டு. நாம் விளைவித்த நெல் எவ்வீட்டுக்குள்ளும் செல்லும், நாம் வாயிற்படியில் நிற்க வேண்டும் என்ற நிலையும் இதுவும் ஒன்றே அல்லவா?

ஸ்காட் காரை விட்டுக்கொடுக்கவில்லை. நாஸ்காரைச் சாராத சிறு பந்தயங்களுக்குத் திரும்பினார். ஓடத் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள்ளாகவே லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சிறு பந்தயத்தில் வென்றார். பார்வையாளர் சிலரின் ஏச்சுப்பேச்சுகளையும், தம் வண்டியை வேண்டுமென்றே மோதும் ஓட்டுநர்களையும் பொறுத்துக்கொண்டார். திருப்பி அடித்தால் அதனையே காரணமாக்கிக் களத்திலிருந்து நீக்கிவிடுவர் என்பதை அவர் அறிவார். அவரது பொறுமை அச்சத்தால் விளைந்ததன்று. குறிக்கோளை இழக்கலாகாது என்னும் தெளிவால் விளைந்தது.

சில காலம் கழித்து ரிச்மண்ட் நகரின் சிறு தடம் ஒன்றில் பொறுப்பிலிருந்த மைக் போஸ்டன் என்னும் அலுவலர் அவருக்கு நாஸ்கார் உரிமம் வழங்கினார். பந்தயம் ஒன்றில், வெள்ளையர் ஓட்டுநர்களுக்கு அளித்த எரிபொருள் செலவை அவருக்கு அளிக்க மறுத்தபோது, நாஸ்காரின் நிறுவனர் பில் பிரான்சிடம் நேரில் முறையிட்டார். பிரான்ஸ் தம் பையிலிருந்தே பணத்தைக் கொடுத்து, இனி வேறுபாடு காட்டப்படாது என்று உறுதி கூறினார். அவ்வுறுதி எந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். 1959 இல் ஸ்காட் ரிச்மண்டின் சவுத்சைடு தடத்தின் வாகையர் பட்டத்தையும், விர்ஜீனியா மாநிலத்தின் ஒரு பிரிவுக்கான நாஸ்கார் வாகையர் பட்டத்தையும் வென்றார்.

உடைமையாளரும் தாமே, ஊழியரும் தாமே

1961 இல், அந்நாளில் கிராண்ட் நேஷனல் எனப்பட்ட உயர்நிலைப் பந்தயத் தொடரில் ஸ்காட் நுழைந்தார். இங்குப் பந்தய அணியின் அமைப்பை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். காரும் எஞ்சினும் டயரும் அணி உடைமையாளர் வாங்கித் தருவன. மெக்கானிக்குகளின் ஊதியமும் அவருடையதே. ஓட்டுநர் அவரிடம் பணிபுரிபவர். பெரிய அணிகளுக்கு ஃபோர்டு, கிரைஸ்லர் போன்ற கார்த் தொழிற்சாலைகள் பொருளும் பொறியும் வழங்கி வந்தன. ஸ்காட்டைத் தம் காரில் அமர்த்தி முழுப் பருவமும் ஓட்டச் செய்ய எந்த உடைமையாளரும் முன்வரவில்லை. ஆகவே அவர் தாமே உடைமையாளரானார்.

உடைமையாளர் என்றதும் செல்வர் ஒருவரை எண்ணிவிட வேண்டா. அவரது அணியின் பட்டறை டான்வில்லில் இருந்த அவரது வீட்டுப் பட்டறையே. பிறர் ஓட்டித் தேய்ந்த பழைய கார்களை விலைக்கு வாங்கித் தம் கையால் புதுப்பித்தார். பெரிய அணிகள் கழித்துப் போட்ட டயர்களைப் பயன்படுத்தினார். அவருடைய மைந்தர்களே அணியின் பணியாளர்கள். எஞ்சின் உடைந்தால் அடுத்த பந்தயத்துக்குப் பணமில்லை என்பதால், முன்னணியில் பாய வேண்டிய இடத்திலும் வண்டியைக் காத்து ஓட்டுவார். வென்று புகழ் பெறுவதை விட ஓட்டத்தை முடித்துப் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு பெறுவதே அவருக்குத் தேவையாயிற்று. முதலில்லாத உடைமை எத்தகைய சுமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பயணமும் எளிதன்று. வழியிலுள்ள விடுதிகளில் அவர் குடும்பத்துக்கு அறை கிடையாது. வீட்டிலிருந்தே உணவு கட்டி எடுத்துச் செல்வர். பல இரவுகள் வண்டியிலேயே உறங்குவர். இத்தனைக்கும் இடையில், உதவிய வெள்ளையர்களும் இருந்தனர் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஏர்ல் புரூக்ஸ் என்னும் ஓட்டுநர் உற்ற நண்பராய் இருந்தார். புகழ் பெற்ற வீரர் நெட் ஜாரெட் தமது செவர்லே கார் ஒன்றினை அவருக்கு விற்றார். அந்தக் காரே வரலாற்றில் இடம்பெறப் போகும் கார்.

ஜாக்சன்வில்லில் நடந்தது

1963 ஆம் ஆண்டு கறுப்பின மக்களின் உரிமைப் போரில் மறக்கவொண்ணா ஆண்டு. ஜூன் 10 அன்று ஸ்காட்டின் சொந்த ஊராகிய டான்வில்லிலேயே, அமைதியாய்க் கூடிய மக்களைக் காவலர்கள் தடி கொண்டு தாக்கியும் நீரைப் பீய்ச்சியும் கலைத்தனர். ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணி நடந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், அரை மைல் மண் தடத்தில் ஸ்காட் களமிறங்கினார்.

மேடும் பள்ளமுமான தடத்தில் பலரது கார்கள் பழுதுற்றன. 25 சுற்றுகள் எஞ்சியிருந்த நிலையில், பின்னாளில் பந்தய உலகின் பேரரசராய்ப் போற்றப்பட்ட ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு ஏற்பட, ஸ்காட் அவரை முந்தினார். வேண்டிய 200 சுற்றுகளையும் முடித்தார். முடிவுக் கொடி அசைக்கப்படவில்லை. மேலும் சுற்றி வந்தார். இறுதியில் கொடி அசைந்தது, ஆனால் அவருக்கன்று. அவரை விட இரு சுற்றுகள் பின்தங்கியிருந்த பக் பேக்கர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டார். வெற்றி மேடையில் கோப்பை அவரிடம் அளிக்கப்பட்டது. நிழற்படம் எடுக்கப்பட்டது. மக்கள் கலைந்தனர்.

ஸ்காட் கூச்சலிடவில்லை, சுற்றுக் கணக்கைச் சரிபார்க்குமாறு கேட்டார். அக்காலத்தில் கருவிகள் இல்லை. தாளும் பென்சிலும் கொண்டு அமர்ந்திருக்கும் கணக்கர்களே ஒவ்வொரு காரின் சுற்றுகளையும் குறித்து வந்தனர். கூட்டம் கலைந்து சில மணி நேரம் சென்றபின், கணக்கில் பிழை நேர்ந்தது என்றும் ஸ்காட்டே வென்றார் என்றும் ஒப்புக்கொண்டனர். பரிசுப் பணமாகிய 1,000 டாலரும் வந்தது. கோப்பை வரவில்லை. பின்னொரு நாள் பெயர் பொறிக்கப்படாத எளிய மரப் பரிசு ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது.

அது வெறும் பிழைதானா? வெற்றி பெற்றவருக்கு அழகி ஒருத்தி முத்தமளித்துக் கோப்பை வழங்குவது அப்பந்தயங்களின் வழக்கம். வெள்ளையர் நிறைந்த அத்திடலில் கறுப்பர் ஒருவருக்கு வெள்ளைப் பெண் முத்தமளிக்கும் காட்சியைத் தவிர்க்கவே இவ்வாறு செய்தனர் என்று ஸ்காட்டும் அவர் குடும்பத்தாரும் நம்பினர்.

இறுதி ஆண்டுகள்

மனமுடைந்து விலகியிருந்தால் அது இயல்பே. அவரோ மேலும் பத்தாண்டுகள் ஓட்டினார். 1966 இல் நாட்டளவிலான புள்ளி வரிசையில் 6 ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டு தொடங்கித் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் முதல் 10 இடங்களுள் நின்றார். தொழிற்சாலைப் பணத்தில் ஓடிய அணிகளுக்கு நடுவே, வீட்டுப் பட்டறையில் உருவான காருடன் பெற்ற இடம் இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒருமுறையேனும் நல்ல காரில் ஓடிப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கையால் கடன் வாங்கி ஒரு மெர்க்குரி கார் வாங்கினார். 1973 மே 6 அன்று அலபாமா மாநிலத்தின் டல்லடேகா தடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதிய பெரு விபத்தில் அந்தக் கார் நொறுங்கியது. ஸ்காட்டின் விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் காலும் முறிந்தன. அவ்வாண்டு அக்டோபரில் சார்லட் நகரில் ஒரே ஒரு முறை மீண்டும் ஓட்டி 12 ஆம் இடம் பெற்றதோடு அவரது பந்தய வாழ்வு முடிந்தது. உயர்நிலைத் தொடரில் அவர் ஓட்டியவை 495 பந்தயங்கள். முதல் 10 இடங்களுள் வந்தவை 147. வெற்றி ஒன்று.

1977 இல் அவரது வாழ்க்கையைத் தழுவி ஒரு திரைப்படம் வெளிவந்தது; நடிகர் ரிச்சர்ட் பிரையர் அவராக நடித்தார். ஸ்காட் டான்வில்லில் தம் பட்டறைத் தொழிலைத் தொடர்ந்தார். 1990 டிசம்பர் 23 அன்று, முதுகுத்தண்டில் கண்ட புற்றுநோயால் இயற்கை எய்தினார். அவர் கண் மூடும் வரை ஜாக்சன்வில் கோப்பை அவர் வீட்டுக்கு வரவில்லை.

2015 இல் நாஸ்கார் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அம்மன்றத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 2021 ஆகஸ்டு 28 அன்று, அவரது நூற்றாண்டு நிறைவுக்கு முந்தைய நாள், டேட்டோனா திடலில் நாஸ்கார் அமைப்பு அவர் குடும்பத்தாரிடம் அக்கோப்பையை வழங்கியது. வெற்றிக்கும் கோப்பைக்கும் இடையே ஏறத்தாழ 58 ஆண்டுகள். அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று, ஸ்காட்டின் எலும்புகள் முறிந்த அதே டல்லடேகா தடத்தில், பப்பா வாலஸ் என்னும் கறுப்பின இளைஞர் வென்றார். உயர்நிலைத் தொடரில் ஸ்காட்டுக்குப் பின் அவ்வினத்தார் பெற்ற அடுத்த வெற்றி அதுவே. அவர் ஓட்டிய அணியின் உடைமையாளர்களுள் ஒருவர், கூடைப்பந்து வீரராய்ப் பெரும் பொருள் ஈட்டிய கறுப்பினத்தவர் மைக்கேல் ஜோர்டான்.

நாம் கொள்ள வேண்டியது

இளைஞர்களே! இவ்வரலாற்றைப் படித்து ஸ்காட்டின் விடாமுயற்சியை வியந்ததோடு நின்றுவிடாதீர்கள். விடாமுயற்சி நம் மக்களிடம் எக்காலத்தும் குறைந்ததில்லை. வெயிலில் உழைத்த நம் பாட்டன் பூட்டன்மாரை விட விடாமுயற்சி உடையார் யார்? ஜாக்சன்வில்லில் ஸ்காட்டிடம் திறமை இருந்தது, வேகம் இருந்தது, சொந்தக் காரும் இருந்தது. அவரிடம் இல்லாதது ஒன்றே. கணக்கு எழுதும் மேசையில் அவரது மக்களுள் ஒருவர் அமர்ந்திருக்கவில்லை.

எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட மாணவர் ஒருவரை யாம் அறிவோம். மெக்கானிக் பட்டறையில் சேர்ந்து, எஞ்சின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் கூலிக் கணக்கை முதலாளியிடம் கேட்டபோது, நோட்டைக் காட்டி, முன்பணம் போகத் தர வேண்டியது ஏதுமில்லை என்றனர். அந்த நோட்டு சரியா, தவறா என்று அவரால் கூற இயலவில்லை. தமக்கென ஒரு கணக்கை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் எம்மிடம் வந்து நின்ற நாளில், அவரைப் பள்ளியில் நிறுத்தி வைக்கத் தவறிய குற்றம் எம்முடையதும் ஆகும் என்பதை உணர்ந்தோம்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாய் மாலை வகுப்பு நடத்துவதும் தேர்வுக் கட்டணம் செலுத்துவதும் இதற்காகவே. நம் பிள்ளைகள் ஓட வேண்டும், வெல்ல வேண்டும், உடைமையாளராகவும் உயர வேண்டும். அத்துடன் சுற்றுகளை எண்ணும் இடத்திலும், பதிவேட்டை எழுதும் இடத்திலும், முடிவை அறிவிக்கும் இடத்திலும் நம்மவர் அமர வேண்டும். அங்கு அமர்ந்தபின், பிறர் எவருடைய சுற்றையும் குறைத்து எழுதாத நேர்மையும் வேண்டும்.

அன்று திடலில் இருந்தோர் வென்றவர் வேறொருவர் என்றே எண்ணிக் கலைந்து சென்றனர். ஸ்காட் மட்டும் தாம் ஓடிய சுற்றுகளை அறிந்திருந்தார், ஆகவே கேட்டார், ஆகவே பெற்றார். நம் கணக்கை நாமே அறிந்திருப்போம். இந்த வெள்ளி விழா நாளில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் பத்தாம் வகுப்புக்கு முன் பள்ளியை விட்டு நீங்காமல் காப்போம் என்று உறுதி கொள்வோமாக.